புதைத்த தேயிலை

கும்புறுப்பிட்டிக்கு அப்பால், சாவடியில்
கடற்படைப் பையன் என் மண்வெட்டியைப் பார்த்தான்,
பிறகு என்னை.
"என்ன புதைக்கிறது?"
"தேயிலை" என்றேன்.
சிரிக்கவில்லை. இந்த மண்ணில்
புதைப்பதைப் பற்றி யாரும் சட்டென்று சிரிப்பதில்லை.

திறந்து காட்டினேன்: நூல் கட்டிய சின்னப் பைகள் பன்னிரண்டு,
ஒவ்வொன்றின் வாலிலும் பென்சிலால் ஓர் எண்.
எட்டுச் சென்ரிமீற்றர் ஆழம், தொண்ணூறு நாள்,
பிறகு தோண்டி, உலர்த்தி, நிறுக்க வேண்டும்.
ஒன்றை எடுத்து முகர்ந்தான்.
"பதுளைத் தூள் இல்லை" என்றான், தன் ஊருக்காக.
"மண் தேத்தண்ணி குடிக்குமா?"
அதைத்தான் பார்க்கப் போகிறேன்.

இதே தேயிலை, இதே பெட்டி, இதே வாரம்
லாப்லாந்தின் பாசிமெத்தையில் ஐனோ புதைக்கிறாள்;
மனௌஸுக்கு வெளியே ஒரு கனத்த மனிதர்,
முழங்கால் வலியைப் பற்றியே அதிகம் எழுதுபவர்;
கோபிப் பாலைவனத்தின் ஓரம் ஒரு பள்ளிக்கூடமே.
ஊர் ஊராய் ஒரே கவளத்தை ஊட்டி
எந்த வாய் எவ்வளவு மெல்லுகிறது என்று
பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

ஐனோ எழுதினாள்: முந்தின வருடம் வைத்ததும்
நேற்றுக் கடையில் வாங்கியதுபோலக் கிடக்கிறது.
மனௌஸ்காரர்: நூல் மட்டும் கிடைத்தது.
அங்கே விழுந்த இலை மண்ணாகி முடியுமுன்பே
வேர் அதைக் கைப்பற்றி உச்சிக்கு அனுப்பிவிடுமாம்.
அந்தக் காட்டின் தேட்டமெல்லாம் மேலே, நின்றபடி.
ஐனோவின் தேட்டமோ கீழே,
கறுப்பாய், ஈரமாய், ஆயிரம் வருடமாய்ப் படுத்தபடி.

எங்களுடையது எங்கே?
வைகாசியில் வைத்தேன். கச்சான் வீசிற்று.
வீரையும் பாலையும் இலையை வைத்துக்கொண்டே
மூச்சை அடக்கின. முதிரை உதிர்த்துவிட்டு
எலும்பாய் நின்றது.
ஆவணியில் போனபோது காலடியில் சருகு
அப்பளமாய் நொறுங்கிற்று.
பைகள் ஏறக்குறைய அப்படியே;
தண்ணீர் கொதிக்கவைத்தால் போட்டுக் குடிக்கலாம்.
ஐனோவுக்கு எழுதினேன்:
எங்கள் வெயிலும் ஒருவகைப் பனிதான்.
மண்ணிலே வாழும் அத்தனை கோடியும்
குளிரில் உறங்குவதுபோலத் தாகத்திலும் உறங்குகின்றன.

புரட்டாதிக் கடைசியில் இன்னும் பன்னிரண்டு.
பிறகு வாடை. பிறகு மாரி.
மரவட்டை ரயில்விட்டது. வெண்பூஞ்சணம்
சருகோடு சருகைத் தைத்தது.
இரவோடிரவாய்க் காளான்.
மார்கழியில் தோண்டினால்
அதே குழி, அதே ஆழம்:
மனௌஸ் வந்து உட்கார்ந்திருந்தது.

உப்பாற்றுக் கண்டல் சேற்றில் வைத்த ஆறு வேறு.
இரண்டை நண்டு இழுத்துப்போயிற்று.
மற்ற நாலும், காற்றில்லாத அந்தக் கறுப்பில்,
கூழ்முட்டை நாற்றத்தில், ஊறுகாய்போலக்
கெடாமல் இருந்தன.
ஐனோவின் சதுப்புக்கும் இதற்கும் ஏழு கடல் தூரம்,
பழக்கம் மட்டும் ஒன்று.

படிவத்தில் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு.
பதினாலு: கறையான். துணிகூட மிச்சமில்லை.
இருபத்தொன்று: யானை மிதித்த பள்ளத்துக்குள்;
பள்ளத்தில் தண்ணீர், தண்ணீரில் வாற்பேத்தைகள்.
கலக்க மனம் வரவில்லை.

பதினேழு கிடைத்தது. ஆனால்
வீரையின் வேரொன்று, தலைமயிர்த் தடிப்பில்,
வலைத்துணியின் ஒரு கண்ணால் உள்ளே போய்
மறு கண்ணால் வெளியே வந்திருந்தது.
இழுத்தேன். மரமும் இழுத்தது.
மலையில் கிள்ளிய கொழுந்தொன்று
இங்கே இலையாகப் பாதி வழி போய்விட்டது;
எதை நிறுப்பது, எதுவரை தேயிலை,
எதிலிருந்து மரம்?

மண்ணைத் தள்ளி மூடினேன்.
சாவடியில் அதே பையன், மழைக்கோட்டுக்குள்.
"குடிச்சுதா?"
"இன்னும் குடிச்சுக்கொண்டிருக்கு" என்றேன்.
பதினேழாம் கட்டத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன்.
மனௌஸ்காரர் ஏன் என்று கேட்பார்.